யுத்த சாமான்

வட சென்னையில் ஒரு கடற்போர் நடத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், இப்போது தயங்காமல் சொல்லிவிடுவேன். ஒரு பிடி கடுகு, கொஞ்சம் சீரகம், ஒரு கிண்ணம் உமி, பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலைந்து, மாட்டுப் பொங்கலுக்கு வாங்கி மாட்டின் கழுத்துக்குப் போகாமல் பரணில் தங்கிவிட்ட நெட்டி மாலை ஒன்று, கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற நீலப் புடவை ஒன்று. பிறகு மணல். இந்த ஜாபிதாவில் மற்றவையெல்லாம் இரண்டு மூன்று நாளில் சேர்ந்துவிட்டன. மணல்தான் பெரிய திண்டாட்டமாகிவிட்டது. சமுத்திரக் கரையிலேயே குடியிருக்கிற ஊரில் மணலுக்குத் திண்டாட்டமா என்று நீங்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுத்துச் சிரியுங்கள்.

திருவொற்றியூரில் என் தங்கை இருக்கிறாள். அவளுடைய பேரனுக்குப் பதினாறு வயது. மற்றப் பையன்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிற வயதில் இவனுக்கு வேறொரு பைத்தியம் பிடித்திருக்கிறது. மேஜைமேல் மலை, ஆறு, பாலம், கிராமம் எல்லாம் கட்டி, விரல்நுனியளவு சிப்பாய்களையும் கப்பல்களையும் நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி யுத்தம் நடத்துகிறான். எதிர்க்கட்சிக்கு அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஐரோப்பாவில் ஒரு ராஜ்யம் விழுந்துவிடும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் இதைப் பாடமாகவே பயின்றார்கள். 1898-ல் ஜேன் என்கிற ஆங்கிலேயர் கடற்போர் விளையாட்டு ஒன்றை விதிமுறைகளோடு வெளியிட்டார். உலகத்துப் போர்க்கப்பல்களுக்கெல்லாம் அகராதி போட்டாரே, அதே ஜேன்தான். எங்கள் ஜாதிக்காரர் ஒருவரும் இதில் அகப்பட்டுக்கொண்டார். நாவலாசிரியர் ஜாதியைச் சொல்கிறேன். எச். ஜி. வெல்ஸ் 1913-ல் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஈய சிப்பாய்கள், மரக்கட்டைகள், தோட்டத்துச் சுள்ளிகள் இவற்றை வைத்துத் தரையில் யுத்தம் நடத்துவது எப்படி என்று விவரமாகச் சொல்லிவிட்டு, நாலு தடவை இதை ஆடிப் பார்க்கிறவனுக்கு நிஜ யுத்தம் எத்தனை அசட்டுக் காரியம் என்பது விளங்கிவிடும் என்கிற தோரணையில் முடித்தார். மறுவருஷமே நிஜ யுத்தம் வந்துவிட்டது. உடனே வெல்ஸ், யுத்தங்களுக்கெல்லாம் முடிவு கட்டப் போகிற யுத்தம் இது என்று இன்னொரு புத்தகம் எழுதினார். நாவலாசிரியர்கள் ஆரூடம் சொல்லப் புகுந்தால் இப்படித்தான்.

போன வருஷம் நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பு பையன் வாட்டர்லூ யுத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். அதற்கு வேண்டிய செடிகொடிகளும் வேலிகளும் வெளிநாட்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாக விற்பனைக்கு வருகின்றன. தபால் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால், அந்தப் பொட்டலப் புல்லின் விலைக்கு நிஜப் பசுமாட்டுக்கு ஒரு மாசத்துக்குப் புல் வாங்கிப் போடலாம். தங்கை கணக்குப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நம்ம ஊரு சண்டையா இருந்தா கொலுவுக்குக் கீழே பார்க் மாதிரி வச்சுக்கோ. காசு செலவு கிடையாது. வீட்டிலே இருக்கிறதை எடுத்துக்கோ."

பையன் என் முகத்தைப் பார்த்தான். "எம்டன்" என்றேன் நான்.

தமிழில் எம்டன் என்றால் கப்பல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? "அவன் சரியான எம்டன்" என்று எமகாதகர்களைச் சொல்கிறோம். ஊருக்குள் நுழைந்து, அடித்து, அகப்படாமல் போய்விட்ட ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர், நூறு வருஷத்துக்கு மேலாக நம் பாஷையில் உட்கார்ந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஊரில் விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ஹைகோர்ட்டுக் கோபுரத்தில் அப்போது இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. சுமார் 3,000 கஜ தூரத்திலிருந்து தன் தேடொளி விளக்கைத் திருப்பி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட ஆரம்பித்தது. அரைமணிக்குள் ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலுக்குச் சேதம். குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். ராயபுரத்தை ஒட்டியிருந்த கிளைவ் பேட்டரி பீரங்கிகள் பதில் சுட்டன. எம்டனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மறைந்துவிட்டது. அன்று விழுந்த குண்டுக்கு அடையாளமாக ஹைகோர்ட்டு மதிலில் பதித்த கல்லை இன்றும் பார்க்கலாம்.

இதில் இன்னொரு ஸ்வாரஸ்யம் உண்டு. அந்த வருஷம் புரட்டாசி அமாவாசை செப்டம்பர் 20 விடியற்காலையில் முடிந்தது. அன்றைக்கே நவராத்திரி ஆரம்பம். அப்படியானால் எம்டன் சுட்டது நவராத்திரியின் மூன்றாம் நாள் இரவு. ஊர் முழுவதும் வீடுகளில் படி கட்டி, பொம்மை வைத்து, சுண்டல் விநியோகம் முடிந்து, தாம்பாளத்தை அலம்பிக் கவிழ்த்துவிட்டு அக்கடா என்று படுக்கப் போகிற நேரம். திரிதியைச் சந்திரனும் அஸ்தமித்துவிட்டான். இந்தக் கணக்கைச் சொன்னதும் தங்கைக்குக்கூட உற்சாகம் வந்துவிட்டது. கொலுவில் எம்டனுக்கு ஸ்தலம் ஒதுக்கப்பட்டது.

பிறகு அளவுப் பிரச்சினை. கப்பல் யுத்தம் ஆடுகிறவர்கள் அசலில் ஆயிரத்து இருநூற்றில் ஒரு பங்கு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எம்டனின் நீளம் 118 மீட்டர். அதை 1,200-ஆல் வகுத்தால் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; இரண்டு தீக்குச்சியைச் சேர்த்து வைத்து, நுனியில் மருந்துத் தலை இரண்டை ஒட்டினாற்போல இருக்கும். மூவாயிரம் கஜம் ஏழரை அடியாகிவிடுகிறது. கொலுப்படிக்குக் கீழே துறைமுகம் என்றால், கூடத்து வாசற்படிக்கு அருகில் எம்டன் நிற்க வேண்டும். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருகிற பெண்கள் வங்காள விரிகுடாவைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

சாமான் வேட்டை சமையலறையில் தொடங்கியது. நெல் உமி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு நுனியும் கூராக, நடுவில் குழிந்து, அசல் மசூலாப் படகு. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் சென்னைக்கு வந்த துரைகளையும் துரைசானிகளையும் அலைக்கு மேலே தூக்கி வந்து கரையில் போட்ட படகு அது. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தது. அசலில் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த படகு, எங்கள் அளவில் ஓர் உமி. கட்டுமரத்துக்குச் சீரகம். ஆறு மீட்டர் கட்டுமரம் ஐந்து மில்லிமீட்டர் சீரகமாகிவிடுகிறது. அதன் முதுகில் உள்ள வரிகள்கூடக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினாற்போலவே இருக்கின்றன. நின்றுகொண்டிருக்கிற ஒரு மனிதன் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பொடிக் கடுகு. ஐந்தறைப் பெட்டி மேஜைக்கு வந்துவிட்டதைப் பார்த்த தங்கை, "யுத்தம் பண்றீங்களா, தாளிச்சுக் கொட்டறீங்களா?" என்று கேட்டாள்.

கட்டடங்களுக்கு நெட்டி. தஞ்சாவூரில் நெட்டியைச் சீவிச் சீவிப் பெரிய கோவிலையே செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அந்த நெட்டிதான். குளத்தில் விளைகிற செடி. தந்தம் மாதிரி வெளுப்பு, எடை என்பதே கிடையாது, சவரப் பிளேடு பட்டால் வெண்ணெயாக வெட்டுப்படும். துறைமுகக் கிடங்குகளும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையும் அதில் உருவாயின. ஹைகோர்ட்டுக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகை அட்டை. இதற்காகக் காசு கொடுத்து அட்டை வாங்குவது அநாவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையைவிடத் தடித்த, வழவழப்பான அட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் ஹைகோர்ட்டின் உட்சுவரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சிரஞ்சீவியும் ஒரு சௌபாக்கியவதியும் சுப முகூர்த்தத்தில் நிற்பார்கள். எண்ணெய்த் தொட்டிகளாக, தெருக்கோடி டாக்டர் கொடுத்த ஊசி மருந்துக் குப்பிகளின் அலுமினிய மூடிகள் நின்றன. மரங்களுக்கு முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு. அதைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கிவிட்டால், வெளிநாட்டுப் பொட்டலப் புல்லெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

கப்பலுக்குத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு காயலான் கடையில் நுழைந்தோம். உடைந்த மின்விசிறி, மோட்டார்ச் சுருள், கன்டெய்னர் லாரியின் பின்விளக்கு, யாரோ முதலாளியின் மேஜை நாற்காலி என்று உலகத்தில் வேலை முடிந்துபோன எல்லாமும் அங்கே எடைக்கு எடை சமமாகக் கிடந்தன. கடைக்காரர் தராசை நிமிர்த்தி, "என்னாத்துக்கு சார்?" என்றார். "யுத்தத்துக்கு" என்றான் பையன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "செம்புக் கம்பி வேணுமா, பித்தளை வேணுமா?" என்று கேட்டார். வட சென்னையில் இதுதான் எனக்குப் பிடித்த குணம். எதையும் செய்து பார்க்கிறவர்கள் நிறைந்த ஊர். ராயபுரத்திலிருந்து 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. எண்ணூரில் லாரி செய்தார்கள், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் பெயரே விம்கோ நகர் என்று ஊர்ப்பெயராகி, ரயில் நிலையத்துக்கும் பெயராகி, 2021-ல் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் ஏறிவிட்டது. பீரங்கிக் குழாய்க்குத் தீக்குச்சி சீவும்போதெல்லாம் பையன் அந்த ஸ்டேஷன் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பால்பாயிண்ட் பேனாவின் தீர்ந்துபோன ரீபில்லை நறுக்கி நிறுத்தியாயிற்று. நாலாவதாக ஒன்று தனியாகச் செய்து வைத்துக்கொண்டான். அது பொய்ப் புகைபோக்கி. எம்டன்காரர்களே தங்கள் கப்பலை ஆங்கிலேயக் கப்பல் என்று நம்ப வைப்பதற்காகக் கித்தானால் நாலாவது புகைபோக்கி ஒன்று செய்து நிறுத்தினார்கள். அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் அந்த வேஷத்தோடுதான் நுழைந்தார்கள். அசலே பாதி பொம்மை வேலை! நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதைப் பிடித்துவிட்டது. அங்கே எந்த வேஷமும் பலிக்கவில்லை.

பாய்மரத்துக்குத் தையற்கடையில் காதொடிந்த ஊசி இரண்டு கிடைத்தது. காதில்லாத ஊசியால் வேறு யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒருவருக்கு இருந்தது. அது ஒரு பெரிய வியாபாரியின் கண்ணைத் திறந்து, கப்பல் கப்பலாக வந்த செல்வத்தையெல்லாம் உதறிவிட்டுக் கோவணத்தோடு நடக்க வைத்தது. அந்தப் பட்டினத்தாரின் சமாதி இதே திருவொற்றியூரில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக நடந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கப்பலின் உடம்பு காசிமேட்டில் கிடைத்தது. மீன்பிடித் துறைமுகத்து ஓரமாக ஒரு முதியவர் கால்விரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பையன் விஷயத்தைச் சொன்னதும், கழித்துப் போட்ட வலை மிதவை ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். ரப்பரும் இல்லை, மரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலே ஒரு பொருள். செதுக்குவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "எம்டன் குண்டு போட்ட கதைய எங்க பாட்டன் சொல்லும்" என்றார். "ஊரே சட்டி பானையத் தூக்கிக்கினு ஓடிச்சாம். எங்க ஆளுங்க மட்டும் கட்டுமரத்த எடுத்துக்கினு எங்க ஓடுறது?"

அடுத்தது மணல். காசிமேட்டிலிருந்து வடக்கே, எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் எறும்புச் சாரியாக நிற்கின்றன. மறு பக்கம் கடல். நடுவில் மணல் இருக்க வேண்டிய இடத்தில் கருங்கல். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி அளவு, சில கன்றுக்குட்டி அளவு. கல்லைக் கொட்டித்தான் சாலையையும் வீடுகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இடையிடையே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. பையன் பையை விரித்துக்கொண்டு குனிந்தான். எங்களுக்கு வழிகாட்ட வந்த முதியவர், "தம்பி, அத்த எடுக்காத" என்றார். அதட்டவில்லை, வீட்டுக் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார். "அந்த மண்ணு சேரணும்னுதான் இம்மாங் கல்லையும் கொட்டி வச்சிருக்காங்க."

பையன் பையை மடித்துக்கொண்டான்.

இதற்குக் காரணம் பழையது. சென்னைக் கரையோரமாக ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக் காற்றின்போது கொஞ்சம் திரும்பி வரும். கடலுக்கும் கரைக்கும் ஆதிகாலத்திலிருந்து நடந்துவந்த கொடுக்கல் வாங்கல் அது. 1875-ல் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டுக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பினார்கள். 1881-ல் புயல் வந்து அதைக் கலைத்தது. மறுபடியும் கட்டி 1896-ல் முடித்தார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவரில் முட்டித் தெற்கிலேயே தங்கிவிட்டது. அப்படித் தங்கி வளர்ந்ததுதான் இன்று நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே உட்காருகிற மெரினாவின் அகலம். வடக்கே வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் வரிசையாகத் தின்றுகொண்டு போயிற்று. சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர். எம்டன் வந்த இரவில் கடல் இந்த வேலையை ஆரம்பித்திருந்தது, முடிக்கவில்லை.

முதியவர் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று கையை நீட்டினார். அலைகளுக்கு அப்பால் ஒரு படகு ஆடிக்கொண்டிருந்தது. "அந்தப் படகு நிக்குதே, அதுக்கு இந்தாண்ட எங்க தெரு. ரெண்டு வரிசை வூடு. நடுவுல ஒரு பூவரச மரம். நான் அங்கதான் பொறந்தேன்." பையன் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ கணக்குப் போட்டான். "தாத்தா, நம்ம வரைபடத்துலே கரையை இன்னும் வெளியே தள்ளணும்" என்றான் என்னிடம். மேஜைமேல் ஒரு சாண் என்பது தரையில் இருநூற்றெழுபது மீட்டர்.

மணல் கடைசியில் மெரினாவிலிருந்து வந்தது. ஒரு பை. கண்ணகி சிலைக்கு நேரே, யாரும் கவனிக்காதபோது அள்ளினோம். யாரோ ஒருவர் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டு அவரிடமே கொடுக்கப் போகிறோம், இதில் திருட்டு எங்கே இருக்கிறது என்று நான் நியாயம் சொன்னேன். பையனுக்கு அந்த நியாயம் உடனே பிடித்துவிட்டது.

துறைமுகத்துச் சாலைகளுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதாவது வேண்டும் என்று அவன் ஒருநாள் தனியாக எண்ணூர் வரை போய், முகத்துவாரத்தருகே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அனல்மின் நிலையச் சாம்பல் கொண்டுவந்தான். கொசஸ்தலையாற்றின் படுகையில் அது படிந்து கிடக்கிறது; சேற்றோடு சேறாக மிதித்துக்கொண்டுதான் அங்கே இறால் பிடிக்கிறார்கள். மாவு மாதிரி மெல்லிசு. பொம்மைச் சாலைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கை டப்பாவை வாசலிலேயே தடுத்துவிட்டாள். 1970-லிருந்து 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடிற்று. அதற்கு வடக்கே இன்னொன்று இப்போதும் ஓடுகிறது. "காலமெல்லாம் கொடியிலே காயற துணியிலேயிருந்து இதைத் தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு. நீ டப்பாவிலே வேற வீட்டுக்குள்ளே கொண்டுவரியா?" சாலைகளுக்குக் கடைசியில் விபூதி பயன்பட்டது. அதற்கு அவளால் ஆட்சேபம் சொல்ல முடியவில்லை.

எல்லாம் கூடிவந்த பிறகு எனக்கும் பையனுக்கும் ஒரே ஒரு தகராறு. கடுகைப் பற்றியது. அவன் கையில் வைத்திருந்த விதிப் புத்தகத்தில் கப்பலுக்கு மதிப்பெண் உண்டு, பீரங்கிக்கு உண்டு, எண்ணெய்த் தொட்டிக்கு உண்டு. ஜனங்களுக்குக் கிடையாது. "இந்த அளவிலே மனுஷங்களை யாரும் வைக்க மாட்டாங்க தாத்தா. கண்ணுக்கே தெரியாது" என்றான். ஏழரை அடி தள்ளி எம்டன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கடுகு தெரியாதுதான். கப்பல் தலைவர் வான் முல்லருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் எண்ணெயை எரிக்க வந்தவர். ஆனால் மறுநாளிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனில் நெரிந்தவர்களும், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தவர்களும் ஆயிரக்கணக்கானவர்கள். எண்ணெய்த் தொட்டியைவிட ஊருக்கு அதுதான் பெரிய அடி. அதை விட்டுவிட்டு இதை எம்டன் யுத்தம் என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை என்றேன். இரண்டு நாள் யோசித்துப் பையன் தானே ஒரு விதி எழுதினான். எம்டன் ஒவ்வொரு தடவை சுட்டதும், சென்னைக் கட்சிக்காரன் தன் பீரங்கியைத் தொடுவதற்கு முன்னால் கரையோரத்துக் கடுகையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சாண் உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். கைப்பிடியாக அள்ளக் கூடாது.

மூன்றாம் நாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கூடத்து விளக்கை அணைத்தார்கள். பகடைக்குப் பதில் தாயக்கட்டை. பேனா டார்ச் ஒன்று எம்டனின் தேடொளி விளக்காகி, தரையோடு தரையாக மணலைத் தடவிக்கொண்டு போயிற்று. இலவம்பஞ்சில் கண்மை தடவிச் செய்த புகை தொட்டிகளுக்கு மேலே எழும்பிற்று. அதற்குள்ளே ஆரஞ்சு மிட்டாய்க் காகிதம் சுற்றிய சின்ன பல்பு நெருப்பாயிற்று. நாலாவது குண்டுக்கே இரண்டு தொட்டி போய்விட்டது. சென்னைக் கட்சிக்காரச் சிநேகிதன் முழங்காலிட்டுக் கடுகு பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட அவனால் பீரங்கிக்கு வர முடியவில்லை. "இது அநியாயம்டா" என்று கத்தினான். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் இரண்டு பேர் தாங்களாகவே குனிந்து அவனுக்குப் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் முதியவர் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். உமிப் படகுகளைப் பார்த்துச் சிரித்தார். பையன் புதிதாக வெளியே தள்ளிக் கட்டியிருந்த கரையை அவருக்குக் காட்டினான். அங்கே நெட்டியில் இரண்டு வரிசை வீடு, நடுவில் பீர்க்கங்கூட்டில் ஒரு மரம். முதியவர் மரத்தைத் தொட்டு, கொஞ்சம் தெற்கே நகர்த்தி வைத்தார். "கெணறு இங்க இருந்துச்சு" என்று விரலால் மணலில் ஒரு குழி செய்தார்.

நவராத்திரி முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் கட்டியாயிற்று. புடவை துணிமூட்டைக்குப் போயிற்று. கடுகைப் புடைத்து ஐந்தறைப் பெட்டியில் சேர்க்கலாமா கூடாதா என்று தங்கைக்கு ஒரு நாள் முழுக்க யோசனை. மணலை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வாருங்கள் என்கிறாள் அவள். பையன் அதற்குச் சம்மதிக்க மறுக்கிறான். பை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.